நாற்பத்தாறுக்குப் பத்தொன்பது

போன ஞாயிறு காலை, கல்கத்தா மைதானத்தை ஒட்டிய சாலையில் 'டமால்' என்று ஒரு சத்தம்.

புல்வெளியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தார்கள். காளி பூஜை நெருங்குகிறது, யாரோ அவசரக்காரன் இப்போதே பட்டாசை ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். டீக்கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வெடித்தது பட்டாசு இல்லை. என் மச்சினன் பிரபுவின் சைக்கிள் டயர்.

அதோடு சேர்த்து இன்னொன்றும் அன்று வெடித்தது... அதைச் சொல்வதற்கு முன், ஐம்பத்து மூன்று வயதில் நான் அங்கே சைக்கிள் மேல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லிஃப்ட் ரிப்பேர் என்றால் மாடியேறாமல் கீழேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கும் உங்களுக்குத் தெரியாததா?

எல்லாம் பிரபுவால் வந்த வினை.

கோயம்புத்தூர்ப் பையன். முப்பது வயது. சால்ட் லேக்கில் சாஃப்ட்வேர் வேலை. போன வருஷம் மாற்றலாகி வந்தவன், வீடு கிடைக்கும்வரை என்று காளிகாட்டில் எங்களோடு தங்கினான். வீடு இன்னும் கிடைக்கவில்லை. அவன் தேடியதாகவும் தெரியவில்லை. என் மனைவி வசந்திக்கு அவன் வெறும் தம்பி இல்லை. அவர்களுடைய அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே இவள்தான். லீவுக்கு லீவு கல்கத்தாவுக்கு வரவழைத்து, ஊட்டி வளர்த்த பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்யாணம் செய்து பார்த்துவிட வேண்டும்... வசந்திக்கு இப்போது வேறு நினைப்பே கிடையாது. கோவைத் தரகரோடு வாராவாரம் வீடியோ கால். ஃபோனைத் திறந்தால் ஜாதகக் கட்டங்கள். கடைசியாக ஒன்று வந்தது பாருங்கள்... பத்துக்கு ஒன்பது பொருத்தம்! தீபாவளி லீவில் ஊருக்குப் போய்ப் பெண் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. அந்த ஜாதகத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டாததுதான் பாக்கி.

இந்த நிலைமையில்தான், மழைக்காலம் முடியப்போகிற ஒரு சாயங்காலம் பிரபு என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, ஒரு சைக்கிள் வாங்கோணும்."

"வாங்கேன்."

"சாதா சைக்கிள் இல்ல மாமா. ஃபிக்ஸட் கியர்."

அப்படியென்றால் என்ன என்று அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நிற்கும், சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்துக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். இதில் அந்தக் கதையே கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடல் சுற்றும். பெடல் சுற்றுகிறவரை உங்கள் காலும் சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்கவும் அதே காலால்தான் எதிர்த்து அழுத்த வேண்டும். சும்மா வருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிட்டத்தட்ட குடித்தனம் மாதிரி.

"ஏன் மாப்ள இந்த விஷப்பரீட்சை?"

"சிம்பிள் டிசைன் மாமா. பார்ட்ஸ் கம்மி. மெயின்டனன்ஸே இல்ல."

மெயின்டனன்ஸைப் பற்றிப் பேசும்போது யாருக்காவது காது சிவக்குமா? பிரபுவுக்குச் சிவந்திருந்தது. நான் அந்தக் காதையே பார்த்தேன். தானாகக் கொட்டினான்.

"அவ பேரு தியாஷா, மாமா."

வங்காளிப் பெண். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை. ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊரைச் சுற்றும் சைக்கிள் குழுவின் தலைவி. அவளிடம் இருப்பது பச்சை நிறத்தில் ஒரு ஃபிக்ஸட் கியர். ஆபீஸ் நண்பன் ஒருவனோடு வேடிக்கை பார்க்கப் போன இவன்... அவ்வளவுதான், விழுந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"அதெப்படி மாமா? மொதல்ல ஒழுங்கா ஓட்டக் கத்துக்கறேன். அப்புறம் சொல்றேன். அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க."

"சரி. இதுல எனக்கென்ன வேலை?"

"நான் மட்டும் ஞாயித்துக்கிழமை காலங்காத்தால கெளம்புனா அக்கா நோண்டி நோண்டிக் கேக்கும். நீங்களும் வந்தா, உங்க சுகருக்கு எக்சர்சைஸுன்னு சொல்லிப்போடலாம்."

ஆக, ஒருத்தன் காதலிக்க, இன்னொருத்தன் சைக்கிள் மிதிக்க வேண்டும். எனக்கும் ஒரு ஃபிக்ஸட் கியர்தானாம். என்ன தோன்றியதோ, தலையாட்டித் தொலைத்தேன்.

பென்டிங்க் தெரு சைக்கிள் கடைகளுக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். செருப்பு மாட்டும்போது பின்னால் குரல்: "ரெண்டு ஆம்பளைங்க போயி ஒரு கத்திரிக்காய ஒழுங்கா வாங்கிட்டு வந்தது கெடையாது. நானும் வர்றேன்."

வசந்தி வந்தாள். பட்டுப்புடவை எடுக்கப் போகிற அதே நடை, அதே கைப்பை.

இந்த வகை சைக்கிளை 'ஒன்று கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. எங்களுக்குப் பிடித்த மாதிரி வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பூட்டச் சொல்ல வேண்டும். கடைக்கார ஹால்தார்-தா, அதாவது ஹால்தார் அண்ணன், மண் குவளையில் டீ வரவழைத்துவிட்டு, பெட்டி பெட்டியாகத் திறந்தார். ஃபிரேமை பிரபு விரலால் தட்டிப் பார்த்தான், தர்ப்பூசணி வாங்குகிறவன் மாதிரி. கறுப்பு வேண்டாம் என்று வசந்தி கறாராகச் சொன்னதில் எனக்கு மெரூன் அமைந்தது.

பிறகு ஹப். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்த உருளையில் இரண்டு மரைகள். ஒன்றில் பல்சக்கரம் ஏறும். இன்னொன்றில், அதற்கு மேல், எதிர்ப்பக்கமாக முறுக்குகிற ஒரு வளையம். காலால் எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று வராமல் இறுக்கிப் பிடிப்பது இந்த வளையம்தான்.

"அப்ப இதத்தான் நல்லதாப் பாத்து வாங்கோணும்" என்று வசந்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தாலிக்கொடியைக்கூட இத்தனை அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்தது பிரேக். பிரேக்கே வேண்டாம் என்றான் பிரபு. காலால் நிறுத்துவதுதான் இதில் அழகாம். "அழகா? பல்லு போனா தெரியும் அழகு" என்றாள் அக்கா. விவாதம் முற்றியது. ஹால்தார்-தா இரண்டாவது டீக்குச் சொல்லிவிட்டுச் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கல்கத்தாவில் கடைக்காரருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

அது முடிவதற்குள் எண் விவகாரம் வந்துவிட்டது.

முன்னால் பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரம் ஒன்று, பின்னால் சின்னது ஒன்று. இவற்றில் எத்தனை எத்தனை பல் என்பதில்தான் வேகம் இருக்கிறது. பிரபு பல வாரங்களாக இணையத்தில் படித்துத் தேறியவன். கண் பளபளக்கச் சொன்னான்: "முன்னாடி நாப்பத்தெட்டு, பின்னாடி பதினாறு. கரெக்டா மூணு மடங்கு மாமா. பெடல் ஒரு சுத்து, சக்கரம் மூணு சுத்து. மீதியே இல்லாம... எத்தன நீட்டா இருக்குது பாருங்க! உங்களுக்கும் அதே."

"எட்டா?" என்றாள் வசந்தி.

பிரபு விரலில் எண்ணினான்.

"கூட்டுனா பன்னெண்டு, மூணுதானே வருது அக்கா..."

"கூட்டுனா மூணு. கண்ணுக்குத் தெரியறது எட்டு. இவருக்கு எட்டு ஆகவே ஆகாது. எட்டாந்தேதி ரயில் ஏறி ஒரு தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேந்துருக்காரா?"

ஹவுராவிலிருந்து கிளம்புகிற ரயில் எந்தத் தேதியில்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷ அனுபவம்.

வசந்தி பெட்டிகளைத் தானே துழாவ ஆரம்பித்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் பொறித்திருக்கும் எண்ணை வாய்க்குள் கூட்டினாள், தள்ளினாள். கடைசியில் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "நாப்பத்தாறு. நாலும் ஆறும் பத்து, ஒண்ணு. இது பத்தொம்பது. ஒண்ணும் ஒம்பதும் பத்து, ஒண்ணு. ரெண்டும் சூரியன். உங்களுக்கு இதான்."

"டீக் ஆச்சே, பௌதி!" என்றார் ஹால்தார்-தா மகிழ்ச்சியோடு. அண்ணி சொன்னால் சரிதான் என்கிறார். அந்தப் பத்தொன்பது அவர் கடையில் ரொம்ப நாளாக விலைபோகாமல் கிடந்தது என்று பிரபு பிற்பாடு சொன்னான்.

"மாமா, பின்னாடி பத்தொம்பதா? கால் மிக்ஸி மாதிரி சுத்தும், வண்டி நகராது!" என்று அவன் சிரியோ சிரி என்று சிரித்தான்.

"உனக்கும் அந்த எட்டு வேண்டாங்கண்ணு" என்று அக்கா கெஞ்சினாள்.

"அக்கா, நான் இன்ஜினியர்."

கடைசியில் ஒரு உடன்பாடு. அவன் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் போட்டுக்கொள்ள வேண்டும், இவள் எட்டைப் பற்றிப் பேசக் கூடாது. பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவன் சைக்கிளுக்கு மட்டும் இரண்டு எலுமிச்சம்பழமாக வைத்தாள். பழம் நசுங்குவதற்காக நான் வண்டியைத் தள்ள, பெடல் தானாகச் சுற்றி என் கணுக்காலில் விட்டது ஒரு அறை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு. பழக்கதோஷத்தில் ஒரு வளைவில் காலை நிறுத்தினேன். சைக்கிள் என்னை அப்படியே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் வந்த தியாஷா, "காக்கு, அது உங்களைச் சும்மா இருக்க விடாது" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தாள். காக்கு என்றால் சித்தப்பா. டிராம் தண்டவாளத்தை எப்படிக் குறுக்கே கடக்க வேண்டும், பாதத்தைப் பெடல் வாரில் எப்படி மாட்ட வேண்டும் என்று எனக்குப் பொறுமையாகக் காட்டினாள். நல்ல பெண். கண்ணைப் பார்த்துப் பேசுகிற பெண். எனக்குப் பிடித்துவிட்டது.

பிரபு? முன்னால் பறந்தான். அவன் மூன்று மடங்கு, நான் மிக்ஸி. நின்று அவளிடம் நாலு வார்த்தை பேச வேண்டியவன், அவளைப் பார்த்ததும் பெடலை இறுக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டி, சர்ர்ரென்று சறுக்கிக்கொண்டு வந்து நிற்பான். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். நின்றதும் வாய் அடைத்துவிடும். அடுத்த ஞாயிறும் சர்ர்ர். அதற்கடுத்த ஞாயிறும். துர்கா பூஜை வந்து போனது, பந்தல் மூங்கில்களை அவிழ்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். இவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு மாப்ள. எப்பதான் சொல்லப் போற?"

"இந்த வாரம் சொல்லிருவேன் மாமா."

சர்ர்ர்.

வீட்டில் வசந்தி பெண் வீட்டாருக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இவனும் பேச மாட்டான், என்னையும் பேச விட மாட்டான். ஊருக்குப் போய், அந்த ஒன்பது பொருத்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, கேசரியைத் தின்றுவிட்டுத் தலையாட்டிவிடுவான். அப்புறம் மூன்று பேர் வாழ்க்கை கெடும். அந்தப் பயம் ராப்பகலாக என்னை அரித்தது.

போன ஞாயிறு வசந்தி திடீரென்று, "நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் ஓட்டறீங்கன்னு பாக்கோணும்" என்று இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு மெட்ரோ ஏறி மைதானத்துக்கு வந்துவிட்டாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பிரபு, தியாஷா நிற்பதைப் பார்த்ததும் காலை இறுக்கினான்.

சர்ர்... டமால்!

பின்டயர் கிழிந்து சைக்கிள் தள்ளாடியது. நல்லவேளை, முன்பிரேக்கைப் பிடித்தான். வேகம் குறைந்துதான் விழுந்தான். முழங்கை மட்டும் நன்றாகச் சிராய்த்துவிட்டது.

"அய்யோ, கண்ணு!" வசந்தி ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது தியாஷா. ரோட்டில் மண்டியிட்டு, தன் பாட்டில் தண்ணீரை அவன் கையில் ஊற்றிக்கொண்டே திட்டினாள் பாருங்கள்... "பாகோல் நாகி? பைத்தியமா நீ? வாராவாரம் சொல்கிறேன், சறுக்காதே சறுக்காதே என்று. தலையில் பட்டிருந்தால்? உன்னை யார் பார்ப்பார்கள்?" கண்ணில் தண்ணீர்.

வசந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

பிரபுவுக்கு வலியோ, பயமோ, வாராவாரம் அடக்கி வைத்ததோ... வங்காளம் மறந்தது, இங்கிலீஷ் மறந்தது. சுத்தக் கோயம்புத்தூர்த் தமிழில் கத்தினான்: "எனக்கு இந்தச் சைக்கிளே வேண்டாம்! உன்னப் பாக்கறதுக்குத்தான் இந்த எழவெல்லாம் வாங்குனேன்!"

சுற்றி நின்றவர்களில் இது புரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று நான். இன்னொன்று அவன் அக்கா.

"கி போல்ச்சே, காக்கு?" என்ன சொல்கிறான் என்று தியாஷா என்னைக் கேட்டாள். நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி என்னைப் பார்த்தாள். 'உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லை?' என்று கேட்கிற பார்வை. நான் அவசரமாகக் கிழிந்த டயரை ஆராய்ந்தேன்.

அப்புறம் என் மனைவி, கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து மீன்காரரிடமும் காய்க்காரரிடமும் மட்டுமே பேசி வளர்த்த தன் வங்காளத்தில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிச் சொன்னாள்:

"ஓ... தொமார் ஜொன்னோ... சைக்கிள் கினேச்சே."

உனக்காகத்தான் அவன் சைக்கிள் வாங்கினானாம்.

கட்டியவளை நடுரோட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் போல் எனக்குத் தோன்றியது அன்றுதான்.

தியாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜானி தோ" என்றாள். தெரியுமே! வசந்தியைச் சித்தி என்று அழைத்துத் தொடர்ந்தாள்: "எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும், காக்கிமா. இதைச் சொல்ல ஒரு டயரையே கொல்ல வேண்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரபு மட்டும் இட்லிப் பாத்திரத்துக்குப் பின்னால் முகத்தை ஒளிக்க இடம் தேடினான்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்து மிளகாய்ப்பொடியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தியாஷா அந்த டயரைத் தூக்கிக் காட்டினாள். விந்தை! மற்ற இடமெல்லாம் புத்தம் புதுசு. ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்து ஓட்டை. "நாற்பத்தெட்டும் பதினாறும் மீதியில்லாமல் பொருந்திப்போகிறது. பெடல் ஒரு சுற்று, சக்கரம் சரியாக மூன்று சுற்று. இவன் எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துத்தான் சறுக்குவான். அதனால் ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் ரோட்டில் உரசும்."

என் சைக்கிளின் பற்களை விரலால் எண்ணினாள். புருவம் உயர்ந்தது. "நாற்பத்தாறு... பத்தொன்பது! ஒன்றைத் தவிர எந்த எண்ணாலும் இந்த இரண்டையும் சேர்த்து வகுக்க முடியாது. எப்படிச் சறுக்கினாலும் தடவைக்குத் தடவை வேறு வேறு இடம்தான் தேயும். டயர் ரொம்ப நாள் வரும். இதை யார் தேர்ந்தெடுத்தது?"

நான் வசந்தியைக் காட்டினேன்.

"காக்கிமா, நீங்கள் கணக்கு டீச்சரா?"

"எக்டு எக்டு" என்றாள் வசந்தி. கொஞ்சம் கொஞ்சம் தெரியுமாம்! நான் இட்லியை விழுங்கினேன். சூரியனைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் தரகரின் வீடியோ கால் வந்தது. வசந்தி எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. நெடுநேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள டயரப் பத்தி என்னமோ சொல்லுச்சே. எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. வெவரமாச் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டும் ரொம்பக் கச்சிதமாகப் பொருந்திப்போனால் திரும்பத் திரும்ப ஒரே இடம் தேய்ந்து கிழிந்துவிடும். ஒன்றோடு ஒன்று பொருந்தாத எண்களாக இருந்தால் தேய்மானம் பரவலாகும், நீடித்து உழைக்கும்.

வசந்தி யோசித்தாள். எழுந்து போய், பெண் வீட்டாருக்காக எடுத்து வைத்த புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைக்கும் அதற்கும் சேருமா என்று பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் சைக்கிள் பச்சை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"பிரபுகிட்டச் சொல்லி, அந்தப் புள்ள பொறந்த தேதி, நேரம், ஊரு எல்லாத்தையும் கேட்டு வாங்குங்க."

"என்ன வசந்தி, மறுபடியும் பொருத்தம் பாக்கப் போறியா?"

"பின்னே? ஒண்ணுகூடப் பொருந்தலைன்னு உறுதிப்படுத்திக்க வேண்டாமா?"